என் சேனையை நானே மொழிபெயர்த்துக் கொடுத்த கதை

அரைகுறை இங்கிலீஷ் தெரிந்தவனைப் போல ஆபத்தான பிராணி ஊவா மாகாணத்திலேயே கிடையாது. நானே அந்தப் பிராணியாக இருந்தவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

பெரிய சண்டை முடிந்த சமயம் அது. பர்மா அரிசி வருவது நின்று, பதுளைக் கடைகளில் சாக்குகள் சுருண்டு கிடந்தன. காடு வெட்டிச் சேனை போட்டுத் தானியம் விதைப்பவர்களுக்கு உதவிப் பணம் தருவதாக அரசாங்கம் தமுக்கடித்தது. நானும் என் மனைவி மாரியாயியும் தெமோதரைப் பக்கம் ஒரு சரிவைத் திருத்திக் குரக்கன், அதாவது கேழ்வரகு, விதைத்தோம். (“தோம்” என்பது மரியாதைக்கு. நான் பதுளையில் ஒரு கடையில் வேலை பார்த்தேன். வெட்டியது, விதைத்தது, பன்றி விரட்டியது எல்லாம் அவள்தான்.)

உதவிப் பணம் தருமுன் சேனையைப் பார்க்க அரசாங்கத்து வெள்ளைக்காரத் துரை வருகிறார் என்றதும், பக்கத்துத் தோட்டத்துப் பெரிய கங்காணி சுப்பையா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

“தம்பி, பந்தலு, மால, எளநி எல்லாம் என் பொறுப்பு. தொர பேசுறத எனக்குச் சொல்லு, நான் பேசுறத அவருக்குச் சொல்லு. இங்கிலீசு தெரிஞ்ச ஆளு இந்தப் பக்கத்துல ஒன்ன விட்டா யாரு இருக்கா?”

அந்தக் கடைசி வரியில் நான் விழுந்தேன். இரவல் கோட்டு ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு (கைகள் முழங்கையோடு நின்றுவிட்டன) பந்தலில் போய் நின்றேன்.

துரை குதிரையிலிருந்து இறங்கினார். கங்காணி மாலை போட்டார். துரை என்னிடம் கேட்டார்: “இது யாருடைய நிலம்?”

என்னுடையது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். நானோ மொழிபெயர்ப்பாளன் அல்லவா! பயபக்தியோடு கங்காணியின் பக்கம் திரும்பி, “நெலம் யாருதுன்னு கேக்குறாருங்க” என்றேன்.

“நம்மளுதுதான்னு சொல்லு.”

“தன்னுடையது என்கிறார், ஐயா.”

என்ன சொன்னேன் என்பது சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. கீழே குரக்கனுக்குள் நின்ற மாரியாயி, கங்காணி சொன்னதைக் கேட்டுவிட்டாள். முழங்கை வரை மண்ணோடு மேலே ஏறி வந்தாள்.

“யாருதாம்? வெட்டுனவ நானு, வெதச்சவ நானு! இந்த ஆளு ஒரு நாளு இங்க குனிஞ்சிருப்பானா? சொல்லுங்க அந்தத் தொரகிட்ட!”

“இந்தப் பெண் என்ன சொல்கிறாள்?” என்றார் துரை.

கங்காணி என்னைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் தடியோடு நின்ற நான்கு பேரும் பார்த்தார்கள். என் நாக்கு தானாகச் சுழன்றது:

“தங்கள் வருகையால் இந்த நிலமே மகிழ்கிறதாம், ஐயா.”

துரை அவளைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைத்து, மாரியாயி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்தக் கும்பிடை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது. துரைக்குக் கண் இல்லையா? கங்காணியின் சலவை வேட்டியையும் பார்த்தார், அவளுடைய மண் அப்பிய கைகளையும் பார்த்தார். யார் விவசாயி என்று கண்டுபிடிக்க இங்கிலீஷா வேண்டும்?

உதவிப் பணம் கங்காணிக்குப் போனது. அன்றுதான் நான் சொன்ன மொழிபெயர்ப்பை அவளுக்குத் தமிழில் சொன்னேன். அவள் அழவில்லை. “மகிழ்கிறதாமா?” என்று மட்டும் கேட்டாள். மறுநாள் விடியும் முன்பே அரிவாளோடு சேனையில் நின்றாள். விளைச்சலும் தன்னுடையதே என்று கங்காணி அனுப்பிய ஆட்கள், அவள் நின்ற நிலையைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். ஒரு கதிர் விடாமல் அவளே அறுத்தாள். அந்த வருஷம் குரக்கன் களிதான் எங்களைக் காப்பாற்றியது.

இப்போதும் எங்கள் வாசலில் எந்த அதிகாரி வந்து நின்றாலும், என் மகள்கள் ஓடி வந்து, “அப்பா, நீங்க உள்ள போங்க. அம்மா பேசட்டும்” என்பார்கள். வீடே சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே உள்ளே போவேன். போய், கதவுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடிப்பேன்.