பொறுப்பு ஒப்படைப்பு விழா

நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக மனித குலம் செய்த மகத்தான காரியம், பொறுப்பை அடுத்தவர் கையில் கொடுக்கக் கற்றுக்கொண்டதுதான். அந்தக் கலையில் அந்தப் பள்ளிக்கூடத்தை மிஞ்ச ஆளில்லை. முதல்வருடைய அறை வாசலில் 'முதல்வர் (பொறுப்பு)' என்றுதான் பலகை இருந்தது. ஆறு வருடமாகப் பொறுப்பு அடைப்புக்குறிக்குள் பத்திரமாக இருந்தது. வெளியே வந்ததாகத் தகவல் இல்லை.

அவர்தான் 'உன் தகுதி உன் கையில்' திட்டத்தின் தந்தை. இனி விளையாட்டு மாணவர்கள் கல்லூரி விண்ணப்பத்தையும் பாடத் தகுதியையும் தாங்களே கவனித்துக்கொள்வார்கள். இதை விளக்க ஒரு விழாவும் மூன்று கூட்டங்களும் நடந்தன. நான்கிலும் விளையாட்டு மாணவர்கள் நாற்காலி போட்டார்கள்.

தடை ஓட்டக்காரி ஒருத்தி திட்டத்தை நம்பித் தொலைத்தாள். பள்ளியில் வேறு யாரும் அந்தத் தவறைச் செய்யவில்லை. தன் மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்த்தாள். கணிதத்துக்கு நேராக ஒரு கோடு. பூஜ்ஜியம் கூட இல்லை. பூஜ்ஜியம் வாங்கவும் வகுப்பில் உட்கார வேண்டுமே. இரண்டு வருடமாகக் கணக்கு வகுப்பு நேரத்தில் அவள் மைதானத்தில் தடை தாண்டிக்கொண்டிருந்தாள்.

கல்லூரிக்கு ஃபோன் போட்டாள்.

"நாலு பாடம் கட்டாயம்மா," என்றார் சேர்க்கைப் பிரிவு எழுத்தர். "உங்ககிட்ட மூணுதான் இருக்கு."

"அப்ப சீட்டு?"

"பாடத்தை நீங்களா விட்டிருந்தா கிடையாது. ஸ்கூல்ல நிறுத்தியிருந்தா தனியா ஒரு பரீட்சை வைப்போம், பாஸ் பண்ணா சீட்டு. ஆனா நிறுத்தினது யாருன்னு அவங்க கையெழுத்தோட வரணும். வெள்ளிக்கிழமை கடைசி."

அன்று புதன்.

முதல்வர் அவளை அன்பொழுக உட்கார வைத்தார். பயிற்சியாளர் கதவோரம் நின்று விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என் கணக்கு வகுப்பை நிறுத்தினது யாரு சார்?"

"கேள்வியே தப்பு. 'நான் என்ன பொறுப்பு எடுத்துக்கணும்'னு உன்னையே கேளு." முதல்வர் ஒரு தாளை நகர்த்தினார். 'கணிதத்தை என் சொந்த விருப்பத்தின் பேரில் கைவிட்டேன்' என்று அச்சிட்டிருந்தது. பெயருக்கு மட்டும் இடம் காலி. மேஜை மேல் அதே தாள் ஒரு கட்டு இருந்தது.

"நான் விடலையே. கோச் சார்தான் டைம்டேபிளை மாத்தினாரு."

"நான் டைம்தான் கேட்டேன்," என்றார் பயிற்சியாளர். "கணக்கு டைம்தான் வேணும்னு கேட்டேனா?"

"நாளைக்குள்ள கையெழுத்து போட்டுக் கொண்டா," என்றார் முதல்வர். "பொறுப்புங்கிறது ஒரு பக்குவம்மா."

மறுநாள் அவள் இரண்டு தாளோடு வந்தாள்.

"அதுல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க சார். உங்களுக்கு ஒரு நன்றி மடல்."

முதல்வர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். 'இந்த மாணவி பள்ளிக்கு வாங்கித் தந்த பதினோரு கோப்பைகளுக்கும் காரணம், இரண்டு ஆண்டுகள் இவருடைய கணித வகுப்பை ரத்து செய்து பயிற்சிக்கு ஒதுக்கிய தொலைநோக்குப் பார்வையே. அந்தத் துணிச்சலான முடிவை எடுத்தவர்:' அதற்குக் கீழே காலியிடம்.

பயிற்சியாளர் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினார். "நான்தான்."

"நீங்க சொன்னீங்க," என்றார் முதல்வர். "உத்தரவு போட்டது யாரு?"

"நீங்க வேண்டாம்னுதானே சார் சொன்னீங்க? ரெண்டு நாள் கெஞ்சினேனே."

"யோசிச்சேன்யா. யோசிக்கிறவன்தான் முடிவெடுப்பான். நீங்க விசில் ஊதுறவரு."

"கோப்பை விசிலுக்குத்தான் சார் வந்துச்சு."

முதல்வர் 'எடுத்தவர்' என்பதைப் பெருந்தன்மையோடு 'எடுத்தவர்கள்' என்று திருத்தினார். முதலில் தான் கையெழுத்திட்டு, தேதி போட்டு, முத்திரையும் குத்தினார். பயிற்சியாளர் அடியில் நெருக்கி எழுதினார்: 'மூல யோசனை என்னுடையது.'

"ஒரு காப்பி ஃபிரேம் போட்டு இங்க மாட்டணும்மா," என்றார் முதல்வர்.

"மாட்டிடலாம் சார்."

அன்று மாலையே அவள் அதைக் கல்லூரியின் இணையதளத்தில் ஏற்றினாள். 'ஆவணத்தின் வகை' என்ன என்று திரை கேட்டது. பாராட்டு, பரிந்துரை, இதர என்று மூன்று கட்டங்கள். அவள் 'இதர'வைத் தொட்டு, பக்கத்தில் தட்டச்சு செய்தாள்:

ஒப்புதல் வாக்குமூலம்.