சுளுக்கு மாஸ்டர்

நானும் ஒரு காலத்தில் மாஸ்டராக இருந்தவன்தான். மொத்தம் பதினைந்து நாள். (நடுவில் ஒரு நாள் மழைக்கு லீவு விட்டதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

புத்தூரில் ஒரு தற்காப்புப் பயிற்சிக் கூடத்தில் ஒன்றரை வருடம் மேட் விரித்து, மேட் சுருட்டி, நேரம் கிடைத்தபோது கொஞ்சம் கற்றுக்கொண்டும் இருந்தேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு அபார்ட்மெண்ட் மொட்டை மாடியில் பெண்களுக்குப் புதிதாக வகுப்பு தொடங்கியபோது எங்கள் மாஸ்டர் கூப்பிட்டார்.

"ரெண்டு வாரம் நீ எடு. மணிக்கட்டு லாக், தோள் லாக், ரெண்டு மட்டும் சொல்லிக்குடு. பதினஞ்சாம் நாள் நானே வந்து பாக்குறேன். தேறினாங்கன்னா கிளாஸ் உனக்கு. இல்லன்னா மறுபடியும் மேட்டு."

அன்று மாலையே மூன்று வெள்ளை டி-ஷர்ட் வாங்கி முதுகில் 'மாஸ்டர்' என்று அச்சடிக்கக் கொடுத்தேன். முன்பக்கமும் அடிக்கட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். (யோசித்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.)

முதல் நாள் பத்துப் பேர் வந்தார்கள். மூட்டு எந்தப் பக்கம் மடங்காதோ அந்தப் பக்கம் மடக்கினால் எப்பேர்ப்பட்ட ஆளும் மண்டிபோடுவான் என்று அரை மணி நேரம் பேசினேன். வலித்தால் இரண்டு முறை தட்டுங்கள், உடனே விட்டுவிடுவேன் என்றேன். பிறகு முன்வரிசையில் இருந்த வேதவல்லி மாமியை அழைத்து மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன்.

"வலிக்குதா மாமி?"

"இல்லையே."

இன்னும் முறுக்கினேன். எனக்கு வலித்தது.

"இப்போ?"

"நன்னாருக்குப்பா. சித்த மேல போ, முழங்கைகிட்ட."

மானப் பிரச்சினையாகிவிட்டது. கையைப் பின்னால் கொண்டுபோய்த் தோள் லாக் போட்டேன். 'மடக்' என்று ஒரு சத்தம். ஜாமீனுக்கு யாரைக் கூப்பிடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாமி அந்தக் கையை மெல்லத் தலைக்கு மேல் தூக்கினார்.

"ஆறு மாசமா இந்தக் கை தோளுக்கு மேல போகலை. பெருமாளைச் சேவிக்கறச்சே ஒத்தக் கையைத்தான் தூக்குவேன். இப்போ ரெண்டும் போறது, பாருங்கோடி."

எல்லோரும் கை தட்டினார்கள். புத்தியுள்ள எவனுக்கும் அப்போதே விஷயம் விளங்கியிருக்கும். நான் குனிந்து வணக்கம் வைத்தேன்.

மறுநாள் பதினெட்டுப் பேர். அந்த வாரக் கடைசியில் முப்பத்தொன்று. என் திறமை காவிரிப் பாலத்தைத் தாண்டிப் பரவுவதாக வீட்டில் சொன்னேன். பாலக்கரையிலிருந்து தையல்காரர் மும்தாஜ் அக்கா இரண்டு பஸ் மாறி வந்தார், கையில் தைல பாட்டிலோடு.

"மாஸ்டர், எனக்கு எடது தோளுங்க. நாள் பூரா மெஷின்ல குனிஞ்சே கெடக்கேன். தூரத்துலேர்ந்து வரேன்ல, ரெண்டு லாக்கா சேத்துப் போட்டுருங்க."

என்ன ஒரு கற்கும் ஆர்வம் என்று நெகிழ்ந்தேன். இரண்டாவது வாரம் எல்லோருமே தோளில் தைலம் பூசிக்கொண்டு வந்தார்கள். திருடனின் பிடி வழுக்குவதற்கான உத்தி என்று நினைத்து, வெளிப்படையாகப் பாராட்டவும் செய்தேன். மேட்டெல்லாம் தைலம்.

ஒருத்திக்கு மட்டும் சந்தேகம் இருந்தது. செல்வி. வையம்பட்டிப் பெண், புத்தூரில் மெடிக்கல் ஷாப்பில் வேலை.

"மாஸ்டர், நாங்க எப்பங்க உங்களுக்கு லாக் போடுறது?"

"அவசரப்படாதீங்க. முதல்ல வலியைப் புரிஞ்சுக்கணும்."

"யாருக்குமே வலிக்கலையே மாஸ்டர்."

"இன்னும் புரிஞ்சுக்கலைன்னு அர்த்தம்."

பதினைந்தாம் நாள் மாஸ்டர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பரீட்சையில் நான்தான் திருடன். பாய்ந்துபோய் மாமியின் மணிக்கட்டைப் பிடித்தேன். மாமி கண்ணை மூடிக்கொண்டு, முதுகைக் காட்டித் திரும்பி, "இன்னிக்கு வலது கைப்பா" என்றார். அடுத்து மும்தாஜ் அக்கா. நான் நெருங்குவதற்கு முன்பே கையைப் பின்னால் கொடுத்துத் தயாராக நின்றார். அவருக்குப் பின்னால் ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள், திருடனுக்காகப் பொறுமையாக வரிசையில்.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஏம்ப்பா, இவங்க திருடனுக்கு டோக்கன் குடுத்து உள்ள விடுவாங்க போலருக்கே. இங்க வா நீ."

லாக் என்றால் என்ன என்று என் மேலேயே போட்டுக் காட்டினார். இரண்டு முறை தட்டினேன். நான்கு முறை தட்டினேன். பிறகு கச்சேரியே வாசித்தேன். அவர் விட்டபோது என் கழுத்து ராஜகோபுரத்தின் பக்கம் திரும்பி அங்கேயே நின்றுவிட்டது. (பெரிய பாக்கியம்தான். ஆனால் வேறு எதையும் பார்க்க முடியவில்லை.)

பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். மும்தாஜ் அக்கா தைலத்தைத் திறந்தார். மாமி தடுத்தார்.

"இதுக்கெல்லாம் தைலம் கேக்காது. உதைதான். இங்க கால் வழியாப் பொறந்தவா யாரானும் இருக்கேளா?"

பிறக்கும்போது தலைக்குப் பதில் கால் முதலில் வந்தவர்கள் மூன்று உதை விட்டால் சுளுக்கு போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அப்படி யாரும் இருக்கக் கூடாது என்று ராஜகோபுரத்தைப் பார்த்தே வேண்டிக்கொண்டேன்.

"நான்தாங்க" என்றது செல்வியின் குரல். "ஊர்ல யாருக்குச் சுளுக்குன்னாலும் எங்க வீட்டுக்குத்தான் வருவாங்க."

"மெதுவாங்க" என்றேன்.

"மொத ரெண்டு மெதுவாத்தாங்க இருக்கும்."

மூன்றாவது உதை 'மாஸ்டர்' என்ற எழுத்துகளின் நட்டநடுவில் இறங்கியது. தைல மேட்டில் வழுக்கிக்கொண்டே போய்த் தண்ணீர்த் தொட்டி தடுத்ததால் நின்றேன். கழுத்து நேராகிவிட்டது. மாஸ்டர் எழுந்து நின்றிருந்தார்.

"ரெண்டு வாரத்துல இந்த மாடியில விழுந்த ஒரே உருப்படியான அடி இதான். உன் பேர் என்னம்மா?"

வகுப்பு செல்விக்குப் போனது. எனக்கு மேட். தினமும் விரித்தேன், சுருட்டினேன், தைலம் போகத் தேய்த்துக் கழுவினேன். அவளும் கூடமாட ஒரு முனையைப் பிடித்தாள். இப்படியே ஒன்றரை வருடம் போனதில் விஷயம் கல்யாணம் வரை வந்துவிட்டது. பெண் வீட்டார் என்னைப் பற்றி மும்தாஜ் அக்காவிடம் விசாரித்தபோது அவர் கொடுத்த நற்சான்று: "தங்கமான புள்ளைங்க. உதைச்சாக்கூட எதுத்து ஒரு வார்த்தை பேசாது."

என் மாமனார் இன்றும் என்னைக் கண்டால், "வாங்க மாப்ளே" என்று சொல்லிவிட்டு, திரும்பி நின்று ஒரு கையைப் பின்னால் நீட்டுவார். அந்த மூன்று 'மாஸ்டர்' டி-ஷர்ட்டில் இரண்டு இப்போது செல்விக்கு. அவள்தான் மாஸ்டர், அவள் போடுவதுதான் நியாயம். மூன்றாவது மட்டும் என்னிடம். அதன் முதுகில் ஐந்து விரலும் தெளிவாகத் தெரியும் ஒரு தைலப் பாதம். எந்த சோப்புக்கும் போகவில்லை.

கொடியில் காயும் அதைப் பார்த்து விருந்தாளி யாராவது என்ன கறை என்று கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி உள்ளேயிருந்து சொல்லிவிடுவாள்.

"அதுங்களா, எங்க நிச்சயத்துல நான் போட்ட கையெழுத்துங்க."