கம்பத்து ரசமா, திண்டுக்கல் ரசமா?

எம்.ரெட்டியபட்டி,
18-5-1948.

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் ஞானையா அவர்களுக்கு, உங்கள் அக்காளைக் கைப்பிடித்த நாள்முதல் வாயைத் திறக்காமல் வாழப் பழகிக்கொண்ட அத்தான் ஏசுவடியான் எழுதிக்கொண்டது. நாங்கள் சுகம். திண்டுக்கல்லில் நீங்களும் வீட்டாரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். ஆனால் இங்கே நடந்த அலங்கோலம் அத்தனைக்கும் முதல் காரணம் நீங்கள்தான் என்பதை மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் மிஷன் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு கோயிலில் திருவிருந்து நடந்தது. வீட்டுக்கு வந்ததும் எலிசபெத், "ஏங்க, நாக்கு நனையிற அளவுக்குத் திராட்சரசம் குடுக்காக. அந்தத் திராட்சை மரத்துல காய்க்குதா, செடியில காய்க்குதா? இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்ததுல இருந்து பருத்தியும் கம்பும் கருவேலமுந்தான் பாத்திருக்கேன். ஒரு தடவ கூட்டிட்டுப் போயிக் காட்டுங்களேன்" என்றாள். நியாயம்தானே? அவளை நான் அருப்புக்கோட்டையைத் தாண்டி எங்கும் கூட்டிப்போனதில்லை. சரியென்று, எங்கே போகலாம் என உங்களிடம் கேட்டு எழுதினேன். தோட்டமும் பார்க்கவேண்டும், ரசம் பிழிவதும் பார்க்கவேண்டும் என்றால் ஒன்று கம்பம், இல்லையென்றால் நீங்கள் வேலைக்குப் போய்க் குடியேறிய திண்டுக்கல் பக்கம், இரண்டுமே உத்தமம் என்று பதில் போட்டீர்கள். ஒரே ஊரை எழுதியிருந்தால் உங்கள் பேனா தேய்ந்தா போயிருக்கும்?

அன்று பிடித்தது சனி. நான் திண்டுக்கல் என்றேன், ரயில் இருக்கிறது, நீங்களும் இருக்கிறீர்கள் என்று. அவள் கம்பம் என்றாள். "தம்பி வீட்டுக்குப் போனா அங்கயும் நாந்தான் அடுப்படியில கெடக்கணும்" என்றாள். (இதை நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.) பேச்சு முற்றி, என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு, வீட்டில் வளர்க்கும் ஆட்டுக்குட்டியைப் பார்த்து, "சாப்பிடச் சொல்லு" என்பாள். நானும் ஆட்டுக்குட்டியைப் பார்த்தே, "மோர் ஊத்தச் சொல்லு" என்பேன். அது பயந்துபோய் வீட்டுக்குள் வருவதையே விட்டுவிட்டது. கோயிலில் பெண்கள் பக்கம் முழுக்கக் கம்பம், ஆண்கள் பக்கம் முழுக்கத் திண்டுக்கல் என்று ஆகிப்போனது. இவர்களில் ஒருவரும் இரண்டு ஊரையும் பார்த்ததில்லை. போதகரய்யா இரண்டு ஊருக்காகவும் தனித்தனியே ஜெபம் செய்தார். திண்டுக்கல்லுக்குச் செய்தது சற்று நீளம் என்று பெண்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

அப்போதுதான் பக்கத்துப் புஞ்சைக்காரர் கோட்டைச்சாமி சமாதானம் செய்ய வந்தார். நாங்கள் கம்பம் போவதாகக் கேள்விப்பட்டு, "கம்பு வேணும்னா எங்கிட்டயே மூடை மூடையாக் கெடக்கே வாத்தியாரய்யா, அம்புட்டுத் தூரம் எதுக்கு?" என்றார். விளக்கினேன். யோசித்துவிட்டு, "ஊரப் பாத்து முடிவு பண்ண முடியாது. சரக்கப் பாத்து முடிவு பண்ணுவோம். மருதையில நமக்கு ஆளு இருக்கு. ரெண்டு ஊரு ரசத்துலயும் ஒவ்வொரு குப்பி வாங்கிட்டு வாரேன்" என்றார். மதுவிலக்கு வந்துவிட்டதே என்றேன். "கேட்டா இருமல் மருந்தும்போம்" என்று புறப்பட்டுப் போயேவிட்டார்.

இரண்டு குப்பிகளோடு திரும்பி வந்தார். நானோ எலிசபெத்தோ ருசி பார்த்தால் பட்சபாதம் வரும். போதகரய்யா தொடமாட்டார். ஆகவே கோட்டைச்சாமியே நீதிபதியானார். ஊரே கூடிநின்றது. முதல் குப்பியில் ஒரு மடக்குக் குடித்து, "இது கம்பம். பழைய கூழுத்தண்ணி மாதிரிப் புளிப்பு. ஆனா மனசுக்கு எதமா இருக்கு" என்றார். பெண்கள் கைதட்டினார்கள். இரண்டாவதைக் குடித்து, "இது திண்டுக்கல்லு. கொஞ்சம் முரடு. பூட்டுக்கார ஊருல்ல, தொண்டையப் பூட்டுது" என்றார். ஆண்கள் கைதட்டினார்கள். பிறகு முதலில் குடித்தது மறந்துவிட்டது என்று மறுபடி அதைக் குடித்தார். அதைக் குடித்ததில் இது மறந்துவிட்டது. நீதி இப்படியே இங்கும் அங்கும் அலைந்து, குப்பிகள் அடிமட்டத்துக்கு வந்தபோது, "ரெண்டும் நல்ல ஊருய்யா, ரெண்டுலயும் நல்ல சனங்க" என்று என் தோளில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

அந்த நேரம் பார்த்துத்தானா ஏட்டு சின்னத்துரை சைக்கிளில் வரவேண்டும்! வாத்தியார் வீட்டில் சாராயம் ஓடுவதாக யாரோ சொல்லிவிட்டார்களாம். ஓய்வு பெற்று ஒரு மாதத்துக்குள் விலங்கோடு பஸ் ஏறப்போகிறேன் என்றே நினைத்தேன். ஏட்டு குப்பியை மோந்து பார்த்தார். "இது எந்த ஊருது?" என்றார். "கம்பம். கூழுத்தண்ணி" என்றார் கோட்டைச்சாமி. ஏட்டு முகம் சிவந்துவிட்டது. அவருக்குப் பிறந்த ஊரே கம்பமாம். "எங்க ஊரு ரசத்தையா கூழுத்தண்ணிங்கிற? இது எங்க ஊரு சரக்கே இல்லடா!" என்று சட்டையைப் பிடித்து உலுக்கியதில் கோட்டைச்சாமி உண்மையைக் கக்கிவிட்டார். "ஏட்டய்யா, விருதுநகர்ல பஸ்ஸு குலுங்கி கம்பத்துக் குப்பி ஒடஞ்சு போச்சு. வெறுங்கையா வரக் கூடாதுன்னு திண்டுக்கல்லு ரசத்தையே ரெண்டாப் பிரிச்சு ஊத்திட்டு வந்தேன்."

எலிசபெத் சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. என்னைப் பார்த்து, "நீங்க சொன்ன ஊருக்கே போவமுங்க" என்றாள். ஆட்டுக்குட்டியைப் பார்த்தல்ல, என்னைப் பார்த்து! "இல்லை, நீ சொன்ன கம்பத்துக்கே போவோம்" என்றேன். அதிலும் ஒரு சண்டை வந்து, முதலில் திண்டுக்கல், பிறகு கம்பம் என்று தீர்மானமாயிற்று. ஏட்டு கம்பத்தில் தம் சித்தப்பா வீட்டு விலாசம் எழுதிக்கொடுத்து, வழக்கைக் கைவிட்டுப் போனார்.

ஆகவே வரும் சனிக்கிழமை உங்கள் வீட்டில் இருப்போம். தோட்டக்காரரிடம் சொல்லிவையுங்கள். உங்கள் அக்காளை அடுப்படிப் பக்கம் விடவேண்டாம். குழந்தைகளுக்கு எங்கள் முத்தங்கள். கர்த்தருடைய கிருபை உங்கள் வீட்டின்மேல் தங்குவதாக.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்,
சா. ஏசுவடியான்

பி.கு.: தபாலில் போட மறந்து சட்டைப்பையிலேயே இருந்த இந்தக் கடிதத்தைத் தூத்துக்குடியிலிருந்து போடுகிறேன். விருதுநகர் ஸ்டேஷனில் கூட்ட நெரிசலில் எதிர்த்திசை வண்டியில் ஏறிவிட்டோம். எங்கள் பெட்டி மட்டும் கூலிக்காரன் புண்ணியத்தில் சரியான வண்டியில் திண்டுக்கல் வருகிறது. தயவுசெய்து இறக்கி வையுங்கள். எலிசபெத் முழங்காலளவு கடல்தண்ணீரில் நிற்கிறாள், கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறாள். திராட்சை மரமா செடியா என்று நீங்களே பார்த்து ஒரு கார்டு போட்டுவிடுங்கள்.