தலைக்குப் பதினைந்து கிலோ

பிறத்தியார் மூட்டையை இனி ஒரு கிராம்கூடத் தூக்குவதில்லை என்று பத்ரிநாராயணன் சபதம் எடுத்தார். எடுத்தது குளியலறையில். மனைவி விசாலாக்ஷியின் காதில் விழாமல் சபதம் எடுக்க அந்த மும்பை மாட்டுங்கா வீட்டில் வேறு இடம் கிடையாது.

காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் சாருலதாவைப் பார்க்க இருவரும் மெல்பர்ன் போனார்கள். ஒரே டிக்கெட், தலைக்கு நாற்பத்தாறு கிலோ. மொத்தம் தொண்ணூற்றிரண்டு. அதில் அவர்களுடைய சாமான் பத்தொன்பது கிலோ. மீதி எல்லாம் மாட்டுங்காவும் செம்பூரும் நெருளும் மெல்பர்னில் இருக்கும் தங்கள் பிள்ளைகளுக்கு அனுப்பிய 'சின்னப் பார்சல்'. கொண்டுவந்தவர்களில் ஒருவர்கூடப் பெரிய பார்சல் என்று சொல்லிக் கொடுத்ததில்லை.

மெல்பர்ன் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒரு பொட்டலத்தைப் பிரித்து, இது என்ன என்று கேட்டார். கறுப்பாக, உருண்டையாக, காய்ந்து கிடந்தது. பத்ரிநாராயணனுக்கும் தெரியவில்லை. தெரியாது என்று உண்மையைச் சொன்னார். முப்பத்தைந்து வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருந்தவருக்கு, உண்மை சொன்னதற்காக ஒன்றரை மணி நேரம் நிற்பது அதுதான் முதல் தடவை. அது மூன்றாம் மாடி ஷ்யாமளா தன் பிள்ளை வெங்கிக்கு அனுப்பிய சுண்டைக்காய் வற்றல் என்று பிறகுதான் தெரிந்தது. வெங்கிக்குச் சுண்டைக்காய் பிடிக்காது என்பது அதற்கும் பிறகு தெரிந்தது.

இப்போது சாருலதா அங்கே சொந்த வீடு வாங்கியிருந்தாள். ஆகஸ்டில் கிரகப்பிரவேசம். மார்ச்சிலேயே விசாலாக்ஷி பரணிலிருந்து வெண்கல உருளியை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். எட்டு கிலோ. இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று பால் காய்ச்சியது அதில்தான். மகள் வீட்டிலும் அதில்தான் காய்ச்ச வேண்டும் என்பது அவள் கட்சி. உருளிக்குத் துணையாக ஒரு கல்சட்டி. கல்சட்டிக்குத் துணையாக ஓர் இரும்பு தோசைக்கல். பெட்டி இரும்புக் கடையாகிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஊரார் பார்சல்களும் வரிசையில் நிற்கும்.

வேண்டாம் என்று நேரே சொல்லும் தைரியம் பத்ரிநாராயணனிடம் இல்லை. அதனால் மூளையிடம் போனார்.

மூன்று நாள் லாப்டாப்பும் கையுமாக உட்கார்ந்தார். நான்காம் நாள் வழி புலப்பட்டது. மும்பையிலிருந்து பாங்காக்குக்கு ஒரு கம்பெனி. அங்கிருந்து கோலாலம்பூருக்கு இன்னொரு கம்பெனி. அங்கிருந்து மெல்பர்னுக்கு மூன்றாவது கம்பெனி. மூன்றும் தனித்தனி டிக்கெட். வருவதும் அப்படியே. இரண்டு பேருக்கும் சேர்த்து மிச்சம் தொள்ளாயிரம் ரூபாய். பயணத்தில் கூடுதல் பத்தொன்பது மணி நேரம். புத்தியுள்ளவன் சிரித்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பான். பத்ரிநாராயணன் உடனே பணத்தைக் கட்டினார். அவருக்கு வேண்டியது தொள்ளாயிரம் ரூபாய் இல்லை. சட்டம்.

அன்று மாலை காபியோடு சட்டத்தை எடுத்து விளக்கினார்.

"ஒரே டிக்கெட்னா கடைசி வரைக்கும் ஒரே கணக்கு. இது அப்படி இல்லே. முதல் கம்பெனிக்காரன் முப்பது கிலோ விடுவான். ரெண்டாவது இருபது. மூணாவது பதினஞ்சுதான். எது சின்னதோ அதுதான் நமக்கு. தலைக்குப் பதினஞ்சு."

"கூட இருந்தா?"

"ஒவ்வொருத்தனும் தனித்தனியா வாங்குவான். பாங்காக்ல ஒரு தண்டம், கோலாலம்பூர்ல ஒரு தண்டம். ஒரே உருளிக்கு ரெண்டு தடவை. நான் என்ன பண்ணட்டும், விசாலம்? ரூல்."

விசாலாக்ஷி டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப, நாம கொண்டுபோறதுதான் பதினஞ்சு கிலோ."

"ஆமாம்."

"சரி."

சண்டை வரும் என்று பத்ரிநாராயணன் மூன்று பதில்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். ஒன்றுகூடச் செலவாகவில்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

பயப்படுவதற்குப் பதிலாகத் தாதர் போனார். ஸ்டேஷன் வாசலில், பெட்டியைக் கொக்கியில் மாட்டித் தூக்கினால் எடை காட்டும் கைத்தராசு ஒன்று வாங்கிவந்தார். அதை வாசல் கதவில் பூட்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். ஜூலையில் ஷ்யாமளா ஒரு சின்னப் பார்சலோடு படியிறங்கி வந்தபோது தராசையும் காட்டி, மூன்று கம்பெனிக் கதையையும் முழுக்கச் சொன்னார். பாதியிலேயே ஷ்யாமளா பார்சலைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். செம்பூர் சந்திரமௌலி போனில் கேட்டார். அவருக்கும் அதே கதை. ஒருவரிடமும் முடியாது என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாங்காக்கும் கோலாலம்பூரும் அவருக்காகச் சொல்லிக்கொண்டிருந்தன.

ஒரு விஷயம் மட்டும் அவரைக் கொஞ்சம் உறுத்தியது. ஏப்ரலிலேயே உருளி காணாமல் போயிருந்தது. எங்கே என்று கேட்டார். குடுத்தாச்சு என்றாள் விசாலாக்ஷி, கீரை ஆய்ந்துகொண்டே. மே மாதம் கல்சட்டியைக் காணோம். பிறகு தோசைக்கல்லையும் காணோம். அவள் செவ்வாய்க்கிழமை செம்பூர் போனாள், வெள்ளிக்கிழமை நெருள், ஒருநாள் லோக்கல் ரயிலில் நெரிசலோடு டோம்பிவிலி. போகும்போது பை கனக்கும். வரும்போது வெறும் பை. பாவம், ஆசை ஆசையாய்த் தேய்த்து வைத்ததை எல்லாம் யார் யாருக்கோ தானம் கொடுக்கிறாளே என்று பத்ரிநாராயணனுக்கு மனசு கேட்கவில்லை. மார்க்கெட்டில் இரண்டு முழம் மல்லிகையும் கால் கிலோ மைசூர் பாகும் வாங்கிவந்து கொடுத்தார். பூவை வைத்துக்கொண்டாள். மைசூர் பாகையும் சாப்பிட்டாள்.

புறப்படும் நாளில் பெட்டிகளைக் கொக்கியில் மாட்டினார். தலைக்கு ஒன்பது கிலோ. பத்ரிநாராயணன் வாழ்க்கையில் இவ்வளவு கனமில்லாமல் நடந்ததில்லை. பாங்காக்கில் பெட்டியை ஒற்றை விரலால் இழுத்தார். கோலாலம்பூரில் நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தபோதும் சிரித்த முகம். மூன்றாவது கம்பெனியின் கவுண்டரில் இருந்த பெண், வேறு பெட்டி இல்லையா என்று கேட்டாள். அந்தக் கேள்வியை இன்னொரு தடவை கேட்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். மெல்பர்னில் சுங்க அதிகாரி ஒன்றுமே கேட்கவில்லை. அது மட்டும் சின்ன ஏமாற்றம். இந்தத் தடவை எல்லாவற்றுக்கும் பதில் தெரியும்.

சாருலதாவின் சமையலறைக்குள் நுழைந்தவர் நின்றார்.

அடுப்பு மேடையில் உருளி இருந்தது. பக்கத்தில் கல்சட்டி. சுவரில் சாய்ந்தபடி தோசைக்கல். அதே மாதிரி இங்கேயும் கிடைக்கிறது போல என்று ஒரு நிமிஷம் தன்னைத் தானே சமாதானப்படுத்திப் பார்த்தார். உருளியின் விளிம்பில் ஒரு நெளிசல் இருந்தது. முன்பு ஒரு தடவை பரணிலிருந்து அதைக் கீழே போட்டவர் அவரேதான்.

"இது எப்படி வந்தது?"

"பிளேன்லதான்," என்றாள் விசாலாக்ஷி. "சந்திரமௌலியோட மாட்டுப்பொண் ஏப்ரல்ல வந்தா, உருளி அவளோட. கல்சட்டி நெருள்காராளோட. தோசைக்கல் ஷ்யாமளாவோட வெங்கி லீவு முடிஞ்சு திரும்பினபோது. மத்த பாத்திரமெல்லாம் இன்னும் ஆறு பேரோட. மொத்தம் ஒம்பது பேர். எல்லாரும் ஒரே டிக்கெட்ல வரவா, இடம் இருந்தது. நாம அவாளுக்கு இருபது வருஷமாத் தூக்கலையா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

"நாம கொண்டுபோறதுதான் பதினஞ்சுன்னு உங்களைக் கேட்டேனே. ஆமாம்னேளே."

பத்ரிநாராயணன் யோசித்துப் பார்த்தார். உருளியும் வந்துவிட்டது, தன் தோளும் நோகவில்லை. தோற்றதாகத் தோன்றவில்லை. சொல்லப்போனால் இதை ஒரு வெற்றி என்றே வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டார்.

அந்த வெற்றி ஞாயிற்றுக்கிழமை வரை இருந்தது.

கிரகப்பிரவேசத்துக்கு அந்த ஒன்பது பேரும் குடும்பத்தோடு வந்தார்கள். உருளியில் பால் பொங்கியது. எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டுக் கைகழுவிய பின், ஒவ்வொருவராகக் காருக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். வெங்கிதான் முதலில் வாயைத் திறந்தான்.

"மாமா, அம்மாவுக்கு ஒரு சின்னப் பார்சல். கால் பிடிச்சு விடற மெஷின்."

சாயங்காலம் பத்ரிநாராயணன் கூடவே கொண்டுவந்திருந்த கொக்கித் தராசை எடுத்தார். பிரஷர் பார்க்கும் கருவி, கம்பளி, தேன், வைட்டமின் டப்பாக்கள், வெங்கியின் மெஷின். முப்பத்தொரு கிலோ. திரும்பும்போதும் அதே மூன்று கம்பெனி, அதே தலைக்குப் பதினைந்து. மெல்பர்னில் பத்தொன்பது கிலோவுக்கு ஒரு தண்டம். கோலாலம்பூரில் ஒன்பது கிலோவுக்கு இன்னொரு தண்டம். முடியாது என்று சொல்லலாம். ஆனால் சொல்ல வேண்டிய ஒன்பது பேரும் அவர் வீட்டு இரும்பைச் சுமந்தவர்கள்.

"விசாலம், நீ பண்ணின மாதிரியே பண்ணிடலாம். பாம்பே போறவா கையில கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்து விடலாம்."

"அதையும் விசாரிச்சுட்டேன். அடுத்தாப்ல பாம்பே போறது நாமதான்."

பத்ரிநாராயணன் லாப்டாப்பைத் திறந்தார். மூன்று நாள் தேவைப்படவில்லை; மூன்று நிமிஷத்தில் கணக்கு முடிந்தது. இரண்டு தண்டத்தையும் கட்டுவதற்கு, கையில் இருக்கும் டிக்கெட்டுகளைத் தலையைச் சுற்றி எறிந்துவிட்டு, புதிதாக ஒரே டிக்கெட் வாங்குவது மேல். வாங்கினார். தொள்ளாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தது எவ்வளவில் முடிந்தது என்பதை அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

"தலைக்கு நாப்பத்தாறு," என்றார், நாற்காலியில் சாய்ந்தபடி. "எல்லாம் போயிடும். போதுமா?"

"நாப்பத்தாறும் நாப்பத்தாறும் தொண்ணூத்திரண்டு," என்று விசாலாக்ஷி விரலை மடக்கினாள். "நம்மளோடது பதினெட்டு. இது முப்பத்தொண்ணு." மிச்ச விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"வெங்கி, ஃப்ரெண்ட்ஸ் யாராவது ஊருக்கு ஏதாவது அனுப்பணும்னா கூச்சப்படாம வரச் சொல்லு. மாமாகிட்ட இன்னும் நாப்பத்துமூணு கிலோ இடம் இருக்கு."