மூலைக் கதிரை யாருக்கு

கொட்டகலை,
ஞாயிறு மாலை.

பெருமதிப்புக்குரிய அண்ணன் கணேசமூர்த்தி அவர்களுக்கு,

தங்கை பூரணி பணிவோடு எழுதிக்கொள்வது. கினிகத்தேனையில் நீங்களும் அண்ணியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க முருகன் பார்த்துக்கொள்வான். இங்கே ஸ்பீக்கர் இரண்டும் சுகம். உங்கள் மச்சானும் சுகம்தான், அவருக்கு என்ன குறை. நான்தான் சுகமில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். என் போன் இப்போது என் கையில் இல்லை. முன்னறையில் ஒரு கம்பு நட்டு அதன் தலையில் கட்டி வைத்திருக்கிறார். அவருடைய போனைவிட என் போனுக்குக் காது கூர்மையாம்.

உங்கள் சவுண்ட் சர்விஸ் கடையில் சும்மா கிடந்த ஸ்பீக்கரை, "மாஸ்டர் பென்ஷன் எடுத்துட்டாரு, பொழுது போகட்டும்" என்று வேனில் கொண்டுவந்து இறக்கினீர்களே, அன்றைக்குப் பிடித்த சனியன் இன்னும் விடவில்லை அண்ணே. நாலு பாட்டுக் கேட்பார், கண் அசந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். முதல் பாட்டிலேயே முகத்தைச் சுளித்தார். ஸ்பீக்கர் நல்லதாம், அறைதான் சரியில்லையாம். சின்ன அறை, சிமெண்டுச் சுவர், மேலே தகரம். சத்தம் சுவருக்குச் சுவர் மோதி, போக வழியில்லாமல் சுற்றுகிறதாம். காலமெல்லாம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்த மனுஷன் அளக்காமல் விடுவாரா? பஜாரில் பலூன் பாக்கெட் வாங்கி வந்தார். ஒரு பலூனை ஊதி ஊசியால் குத்துவார். அந்தச் சத்தம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று என் போன் கோடு போட்டுக் காட்டும். கோடு சட்டென்று கீழே இறங்கினால் நல்ல அறை, இழுத்துக்கொண்டே போனால் கெட்ட அறை. தகரத்தில் மழை கொட்டும்போது அளக்க முடியாது. நம்ம ஊரில் மழை எப்போது விடுகிறது? நான் கொடியில் துணி போட ஓடுகிற மாதிரி, மழை விட்டதும் அவர் பலூனோடு ஓடுவார்.

சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் அடங்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். காலையில் முட்டை, மத்தியானம் முட்டை, இரவு முட்டை ரொட்டி. சுவர் நிறைய ஒட்டிவிட்டுப் பலூனை உடைத்தால் கோடு பழையபடி இழுத்துக்கொண்டேதான் போனது. பிறகு விருந்தாளி மெத்தையைச் சுவரில் சாய்த்தார், கம்பளியைத் தொங்கவிட்டார். கடைசியில் என் அலுமாரியையே இழுத்துப்போய் கதவைத் திறந்து வைத்தார். சேலைத் துணி சத்தத்தைக் குடிக்குமாம். கட்டின நாளிலிருந்து நான் என்ன சேலை உடுத்தினேன் என்று ஏறெடுத்துப் பார்க்காதவர், ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து "இது தடிப்பு, இது மெல்லிசு" என்றார். அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான், உங்களிடம் மறைப்பானேன்.

அப்படியும் ஒரு மூலையில் மட்டும் முழக்கம் போகவில்லை. மனுஷ உடம்பும் சத்தத்தைக் குடிக்கும் என்று எங்கேயோ படித்துவிட்டு, அங்கே ஒரு கதிரையைப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். தேயிலைக் கொழுந்துச் சாக்கு மாதிரி நானும் போய் உட்கார்ந்தேன். அடுப்பில் பால் இருக்கிறது, கேஸ் விற்கிற விலை என்ன, ஊசி கண்ணில் பட்டுவிடப் போகிறது என்று நல்லதுக்குத்தான் நாலு வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தேன். பலூன் வெடித்தது. போனைப் பார்த்துவிட்டு, "வெறுங் கதிரை இருந்தப்பவே பரவாயில்லையே" என்றார். பெண்டாட்டியிடம் சொல்கிற வார்த்தையா இது? அதற்குப் பிறகும் உட்கார வைத்துப் பார்த்தார், ஒவ்வொரு தரமும் கோடு இழுத்துக்கொண்டேதான் போனது.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. பக்கத்துக் குவாட்டர்ஸில் டெல்சி இருக்கிறாளே, மாதா கோவில் பாட்டுக்குழுவில் பாடுகிறவள், புருஷனுக்குக் கொழும்பில் வேலை. பலூன் சத்தம் கேட்டு, பிறந்தநாள் கொண்டாடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு பட்டர் கேக்கோடு வந்துவிட்டாள். "யாருக்கு மாஸ்டர் பெர்த்டே?" என்று கேட்டுக்கொண்டே அந்த மூலைக் கதிரையில் உட்கார்ந்தாள். இவர் அளந்தார். கோடு கிணற்றில் விட்ட வாளி மாதிரி கீழே இறங்கிவிட்டது. அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கள் கலியாணப் படத்தில்கூட அப்படிச் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து மழை விட்டால் வேலி ஓரத்தில் நிற்கிறார். "டெல்சி, சும்மா வந்து உக்காந்துட்டுப் போறீங்களா?" அவளும், "அதுக்கென்ன மாஸ்டர்" என்று வந்துவிடுகிறாள். வாயே திறக்காமல் கோவிலில் இருக்கிற மாதிரி இருப்பாள். அவளுக்குப் பிடித்த பாட்டுத்தான் முதலில் போகும். தேத்தண்ணி ஊற்றுவது நான். அவளுக்கும் எனக்கும் ஒரே அளவு உடம்பு, ஒரே அளவு பிளவுஸ், பண்டிகைக்கு மாற்றிக்கூடப் போட்டிருக்கிறோம். அப்படியிருக்க அவள் உடம்பு குடிக்கிற சத்தத்தை என் உடம்பு ஏன் குடிக்காது? கேட்டேன். "கோடு அப்படித்தான் காட்டுது பூரணி" என்று பலூனைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார், என் முகத்தைப் பார்க்கவில்லை. கோட்டுக்கா நான் கழுத்தை நீட்டினேன்? எனக்கு வயிறு எரிகிறது அண்ணே. பொறாமை என்று நீங்கள் பேர் வைத்தாலும் சரி. என் வீட்டில், என் சேலைகளுக்கு நடுவில், எனக்கு இடமில்லாமல் போய்விட்டது.

இன்றைக்கு நான் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். அந்தக் கதிரையில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் அரிசி புடைக்கிற சுளகைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் இதை எழுதுகிறேன். அவள் வரட்டும், யார் எழும்புவது என்று பார்ப்போம். அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பக்கம் ஏதோ ஊதுகிறார், வெடிக்கிறார், நான் திரும்பியும் பார்க்கவில்லை.

ஆகவே அண்ணே, தயவுசெய்து வேனைக் கொண்டுவந்து ஸ்பீக்கரை ஏற்றிக்கொண்டு போங்கள். தரமாட்டேன் என்று அவர் சொன்னால் என்னை ஏற்றிக்கொண்டு போங்கள். அலுமாரியும் வரும், இடம் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணிக்கு என் அன்பு. உங்கள் கடை வாசலில் எப்போதும் ஆள் நிற்கட்டும், உங்கள் வீட்டில் சத்தம் சத்தமாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிற

உங்கள் தங்கை
பூரணி

பி.கு.: கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால், போனைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நிற்கிறார். "பூரணி, இப்ப என்ன செஞ்ச?" என்றார். "ஒண்ணும் செய்யல, எழுதினேன்" என்றேன். கோட்டைக் காட்டினார். டெல்சியின் கோட்டைவிட நேராக இறங்கியிருக்கிறது. எப்படி என்று கேட்டதற்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ உக்காந்தா பேசிக்கிட்டே இருப்ப. பலூன் சத்தம் அடங்கிரும், உன் சத்தம் அடங்காது. போன் ரெண்டையும் சேத்துல்ல கோடு போடுது." அதை அன்றைக்கே சொல்வதற்கு என்ன என்று கேட்டேன். "பேசாதன்னு உங்கிட்ட நான் என்னைக்குச் சொல்லியிருக்கேன்?" என்றார்.

உண்மைதான் அண்ணே. கட்டின நாளிலிருந்து அந்த ஒரு வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. எனக்குப் பேச்சே வரவில்லை. அதுதான் சமயம் என்று அவசரமாக இன்னொரு பலூனை உடைத்து அளந்துகொண்டார்.

வேன் வேண்டாம். எழுதுகிற தாள் ஒரு கட்டு மட்டும் பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள். இப்போதுதான் டெல்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மாஸ்டர், நான் வரட்டுமா?" என்றாள். கதிரையில் ஆள் இருக்கிறது என்று நானே சொல்லி அனுப்பிவிட்டேன்.