ஸஃப்வத் வீட்டுப் பாட்டியின் கஹ்க்

இருபத்திரண்டு வருஷமாகப் பொறுத்திருந்த ஸஃப்வத், இந்த நோன்புப் பெருநாளுக்குப் பொங்கி எழுந்துவிட்டார்.

விஷயம் கஹ்க்தான். நெய்விட்டு மாவு பிசைந்து, உள்ளே பேரீச்சம்பழம் வைத்துச் சுட்டு, மேலே சர்க்கரைப் பொடி தூவுகிற அந்தப் பலகாரம் இல்லாமல் மன்ஸூராவில் எந்த வீட்டிலும் பெருநாள் விடியாது. அவர் வீட்டில் அதை மனைவி இன்ஸாஃப் தன் பாட்டியின் பக்குவத்தில் செய்வாள். வருகிறவர்கள் ஒரு கடி கடித்ததும் கண்ணை மூடி அந்தப் பாட்டிக்கு சொர்க்கம் கிடைக்க வேண்டுவார்கள். ஸஃப்வத்தின் பாட்டிக்காக ஒரு ஆத்மாவும் வாய் திறந்ததில்லை. இன்ஸாஃப் என்றால் நியாயமாம். பெயரில் மட்டும் இருந்தால் ஆயிற்றா?

போதாததற்கு மகள் நஹ்லாவுக்கு நிச்சயமாகியிருந்தது. சம்பந்தி வீட்டார் முதன்முதலாகப் பெருநாளுக்கு வருகிறார்கள். அவர்களும் அந்தப் பாட்டியையே புகழ்வதா? தன் வம்சம் என்ன, வானத்திலிருந்து விழுந்ததா?

“இந்தத் தடவை எங்க பாட்டி பக்குவத்துலதான் கஹ்க்” என்று அறிவித்தார்.

“தாராளமா. பக்குவம் தெரியுமா, நஹ்லா அப்பா?”

அதுதான் தெரியாது. அதனால் என்ன, தன்தாவில் பஹீகா அத்தை இருக்கிறாள். எண்பத்துமூன்று வயதிலும் எதையும் மறக்காதவள். மறுநாளே ரயிலேறிப் போய்க் கேட்டார். அத்தை தயாராகவே இருந்ததுபோல ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அளவெல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் மட்டும் ஒரு குறிப்பு: பெண்களின் கைச்சூட்டில் மாவு இளகிவிடும், பிசைவது, தட்டில் அடுக்குவது, அடுப்புக்குச் சுமப்பது எல்லாம் ஆண்தான் செய்ய வேண்டும். தாத்தாதான் செய்வாராம்.

ஸஃப்வத்துக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் பாட்டி சொல் அல்லவா?

ஆறு கிலோ மாவு. நோன்பு வயிறு. பிசையப் பிசையத் தோள் கழன்று கையோடு வந்துவிடும் போலிருந்தது. இன்ஸாஃப் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் கைச்சூடு படாதபடி கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். தட்டுகளைத் தலையில் ஏற்றி, சுட்டு வாங்க அவர் பேக்கரிக்குப் போனபோது, வரிசையில் நின்ற பெண்களெல்லாம் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அந்த மரியாதைதான் அவருக்குத் தாங்கவில்லை.

பெருநாள் காலையில் ஒன்றைக் கடித்தார். அமிர்தம். சம்பந்தியம்மாள் தவ்லத் கடித்துவிட்டுக் கண்ணை மூடினாள். இருபத்திரண்டு வருஷ ஆத்திரத்தையும் சேர்த்து ஸஃப்வத் முழங்கினார்: “எங்க பாட்டி பக்குவம். வித்தியாசம் தெரியுதில்ல? எங்க அத்தையையே கேளுங்க.”

தன்தாவிலிருந்து வந்திருந்த பஹீகா அத்தை நாலாவது கஹ்க்கை மென்றுகொண்டிருந்தாள்.

“யாரு, எங்கம்மாவா? அவ மாவுல கை வச்சதே இல்ல. எல்லாம் கடையில வாங்கினதுதான். இது இன்ஸாஃப் பாட்டியோட பக்குவம். இவ போன்ல சொன்னா, நான் எழுதிக் கொடுத்தேன்.”

ஸஃப்வத் கையிலிருந்த கஹ்க்கைத் தட்டில் வைத்தார். “அப்ப ஆம்பளைதான் பிசையணும்னு எழுதியிருந்தீங்களே அத்தை?”

“அதுவும் அவ சொன்னதுதான்ப்பா. பாவம், அவளுக்குத் தோள் வலியாம்.”

ஸஃப்வத் மனைவி பக்கம் திரும்பினார். அவள் மும்முரமாகத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மாள் மட்டும் நெகிழ்ந்துபோனாள். பெண்டாட்டியின் வலி பார்த்து மாவு பிசைகிற மனுஷனை இப்போதுதான் பார்க்கிறாளாம். தன் புருஷனை ஒரு முறை முறைத்துவிட்டு, கல்யாணத்துக்கும் இந்தக் கஹ்க்தான் வேண்டும், முப்பது தட்டு ஆகும், சிரமமாக இருக்குமோ என்று இழுத்தாள்.

ஸஃப்வத் வாயைத் திறப்பதற்குள் இன்ஸாஃப் பதில் சொல்லிவிட்டாள்.

“சிரமம் என்ன சம்பந்தி? அவருக்கு இப்பத்தான் கை நல்லாப் பழகியிருக்கு.”