பத்து நிமிடம் முந்தி இறங்கிய கிளைடர்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எங்கே போனாலும் நேரத்துக்கு முந்திப் போய் நிற்பேன். கல்யாண மண்டபத்தில் கதிரை அடுக்குபவர்கள் வரும்போது நான் அங்கே இருப்பேன். (சாப்பாட்டுக்காக என்பாள் என் மனைவி. நம்பாதீர்கள்.) இந்த வியாதியால் இத்தாலியின் பலேர்மோ நகரில் ஒரு நல்ல மனிதரின் வெற்றிக் கிண்ணத்தைப் பறித்து அவருடைய மைத்துனரிடம் கொடுத்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. பலேர்மோவின் ஒரேத்தோ தெருவில் ஒரு வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். எல்லோருக்கும் வீட்டு வேலைதான். பஸ்ஸை விட்டால் வேலைவீட்டு எசமானியம்மா, சினியோராவின் முகத்தில் விழிக்க முடியாது. அதனால் ஐந்து பேரின் கைக்கடிகாரங்களும் பத்து நிமிடம் முந்தி ஓடும். சுவர் மணிக்கூடும் அப்படித்தான். எல்லாம் ஒரே நேரத்தைக் காட்டியதால், முந்தி வைத்ததையே காலப்போக்கில் மறந்துவிட்டோம்.

என் முதலாளி சினியோரே ஒரு பல் வைத்தியர். ஓய்வு நாட்களில் எஞ்சின் இல்லாத கிளைடர் விமானம் ஓட்டுவார். அந்த வருடப் போட்டிக்கு, கிளைடர் கிளம்பும்போது இறக்கையைப் பிடிக்க என்னைக் கூட்டிப்போனார். எனக்கு அவரிடம் ஒரு பெரிய காரியம் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மனைவியைக் கூப்பிட, விசாக் காரியம் பார்க்கும் பொலிஸ் அலுவலகமான க்வெஸ்தூராவில் கொடுப்பதற்கு அவர் கையெழுத்திட்ட வேலைக் கடிதம் வேண்டும். போட்டி முடியட்டும், முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தார். அவர் வெல்ல வேண்டுமென்று நல்லூர்க் கந்தனுக்கு நான் வைத்த நேர்த்தி அவருக்குத் தெரியாது.

போட்டி விதியைக் காரிலேயே விளக்கினார். வானத்தில் தொடக்கக் கோட்டைத் தாண்டியதும் நேரம் ஓடத் தொடங்கும். குறைந்தது மூன்று மணித்தியாலம் பறக்க வேண்டும். பறந்த தூரத்தை நேரத்தால் பிரித்து, அந்த வேகத்துக்குப் புள்ளி. முந்தி வந்தாலும் மூன்று மணித்தியாலம் என்றே எழுதுவார்கள். மிச்ச நேரத்தில் பறந்திருக்கக்கூடிய தூரம் வீண். ஆகவே மூன்று மணித்தியாலத்தை ஒட்டி வருவதுதான் கெட்டித்தனம்.

விமானத் திடலில் காரை விட்டு இறங்கிய பிறகுதான் கடிகாரத்தைக் குளியலறையில் விட்டுவந்தது அவருக்கு நினைவு வந்தது. கீழே நின்று வோக்கிடோக்கியில் நேரம் சொல்லும்படி என்னிடம் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் கோட்டைத் தாண்டியபோது திடலின் சுவர் மணிக்கூட்டில் ஒன்று பத்து. அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். பிறகு வெயில் தாங்காமல் ஒரு மர நிழலில் போய் உட்கார்ந்து, என் கைக்கடிகாரத்தைப் பார்த்தே கணக்குச் சொன்னேன். இன்னும் நாற்பது நிமிடம் என்றேன். உண்மையில் ஐம்பது. மனிதர் நம்பித் திரும்பினார். என் கடிகாரத்தில் நாலு பத்து தாண்டி ஒரு நிமிடத்தில் முடிவுக் கோட்டைக் கடந்தார். நான் துள்ளிக் குதித்தேன்.

நடுவர்களின் கணக்கில் இரண்டு மணி ஐம்பத்தொரு நிமிடம். அதை மூன்று மணித்தியாலம் என்று எழுதித் தூரத்தைப் பிரித்தார்கள். அதே போட்டியில் பறந்த அவர் மைத்துனர், சினியோராவின் தம்பி, மயிரிழையில் முதலிடம்.

சினியோரே சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார். ஏன் இப்படி ஓடுகிறது என்று கேட்டார். உங்கள் வீட்டுக்குப் பிந்திவிடக் கூடாதென்றுதான் என்று உண்மையைச் சொன்னேன். அவர் போய்க் காரை எடுத்தார். என் மனைவி இனி யாழ்ப்பாணத்திலேயே கிழவியாகிவிடுவாள் என்று முடிவு கட்டிவிட்டேன். அழுகை வந்தது.

பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலே வாசலில் என்னை இறக்கிவிடும்போது மனிதர் திடீரென்று சிரிக்கத் தொடங்கினார். அவர் இத்தாலியனில் சொன்னதை எங்கள் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“மூண்டு வருசமா ஒவ்வொரு நாளும் நான் பிஜாமாவோடை வந்து உனக்குக் கதவு திறக்கிறன். ஏனெண்டு இண்டைக்குத்தான் விளங்குது. நாளைக்கு அந்தக் கடிதத்தைக் கொண்டுவா. எட்டு மணிக்கு. என்ரை எட்டு மணிக்கு.”

கையெழுத்துப் போட்டார். மனைவி வந்து சேர்ந்தாள். விமான நிலையத்தில் நான் மூன்று மணித்தியாலம் முந்திப் போய் நின்றது வேறு கதை.

இன்றும் ஏதாவது விசேஷத்துக்குப் புறப்பட, நான் சப்பாத்தும் போட்டு வாசலில் நின்று அவளை அவசரப்படுத்துவேன். அவள் கண்ணாடியை விட்டுத் திரும்பாமலே சொல்லுவாள்:

“இஞ்சாருங்கோ, முந்திப் போனாலும் அங்கை மூண்டு மணித்தியாலம் எண்டுதான் எழுதுவினம். ஆறுதலா இருங்கோ, வாறன்.”